கொள்ளாமுக்கு எத்தனை மார்க்

இனயம் கத்தோலிக்கப் பங்கில் பெண்களுக்கென்று இருந்த பதவிகள் இரண்டே. ஒன்று, பாடகர் குழுவில் முதல் குரல். அதற்குக் குரல் வேண்டும். மற்றது, திருவிழாவின் கடைசி நாள் நடக்கும் அன்பின் விருந்துக்கு மீன் கறி வைக்கும் தலைமை. அதற்கும் குரல்தான் முதலில் வேண்டும், கறி பிறகு. வரிசையாக எரியும் அடுப்புகள், தேங்காய் அரைக்கிறவர்கள், மீன் வெட்டுகிறவர்கள், வெட்டுவதாகச் சொல்லிக்கொண்டு கதையளக்கிறவர்கள், இவர்கள் அத்தனை பேரையும் கடல் இரைச்சலுக்கு மேலே கேட்கிற ஒரு குரலில் மேய்க்க வேண்டும். ஏழு வருடமாக அந்தப் பதவி ஜெஃப்ரினின் மாமி குளோரியிடம் இருந்தது. மாமா குவைத்தில். வருடத்தில் மற்ற நாளெல்லாம் மாமி சொல்லைக் கேட்க அவள் வீட்டில் தங்கிப் படிக்கும் ஜெஃப்ரினும் இரண்டு ஆடுகளும்தான் உண்டு. அந்த ஒரு நாள் ஊரே கேட்டது.

2009ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கான கூட்டத்தில் பங்குப் பேரவையின் துணைத் தலைவர் ததேயுஸ் எழுந்து நின்று, தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் யாருக்கோ பதவி போகும் என்று ஊருக்குத் தெரியும்.

"குளோரிக்க கறிய நான் கொற சொல்லல்ல. ஆனா வருசம் ஏழாச்சி. ஒரே குடம்புளி. நாக்கு மரத்துப் பெய்ட்டு. இந்த வருசம் மாங்காய் போட்டு வைக்கிற ஒரு ஆள வெளிய இருந்து கொண்டு வந்தா என்ன?"

குடம்புளி என்பது அடுப்புக்கு மேலே புகையில் கிடந்து கறுத்துச் சுருண்ட ஒரு பழத்தோல். பார்த்தால் பழைய செருப்பின் வார் மாதிரி இருக்கும். மேற்குக் கடற்கரை அது இல்லாமல் மீனைத் தொடாது. அதைக் குறை சொல்வது குளோரியைக் குறை சொல்வதுதான். ததேயுஸ் அதை மரியாதையாகச் செய்தார்.

மன்றத்தில் சத்தம் எழுந்தது. பாதிப்பேர் குடம்புளி என்றார்கள், பாதிப்பேர் மாங்காய் என்றார்கள். மாமி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமி ஒன்றும் சொல்லாமல் இருப்பதை ஜெஃப்ரின் அதற்குமுன் பார்த்ததில்லை. கூட்டத்தில் கிடைக்கும் தேநீருக்காகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன், தன்னை அறியாமல் எழுந்துவிட்டான்.

"இத கணக்கு போட்டு கண்டுபிடிக்கலாம்."

அவன் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் கடைசி வருடம். புராஜெக்டுக்கு இன்னும் தலைப்பு கிடைக்கவில்லை. அந்த வாக்கியத்தில் மாமிமேல் இருந்த பாசம் எத்தனை சதவீதம், தலைப்பு கிடைத்த சந்தோஷம் எத்தனை சதவீதம் என்று பிரிப்பது கடினம்.

"கம்ப்யூட்டர்லயா?" என்று ததேயுஸ் கேட்டார்.

"எக்ஸெல்ல."

அது என்ன என்று யாருக்கும் தெரியாததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கம்ப்யூட்டர் யாரைச் சொல்கிறதோ அவர் கறி வைப்பார்.

வீட்டுக்கு நடக்கும்போது மாமி கேட்டாள். "ஏலே மக்கா, கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுல்லா?"

"சொல்லாது மாமி."

"சொல்லிச்சின்னா நாளையில இருந்து ஒனக்கு இங்க சோறில்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று இரவுச் சோற்றுக்குக் கறியில் உப்பு போட மறந்திருந்தாள்.

புள்ளியியல் துறையில் ராஜையன் சார் வழிகாட்டி. வாழ்க்கையில் அவருக்கு இரண்டு நம்பிக்கைகள். ஒன்று கடவுள், மற்றது 0.05. ஒரு வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கக்கூடிய வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே போனால்தான் அது வித்தியாசம். அதற்குமேல் இருந்தால் அதை வித்தியாசம் என்று சொல்கிறவன் மனிதனே இல்லை. கீழே போய்விட்டால் 'சிக்னிஃபிகண்ட்' என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார்.

"என்னடே இது? ரெண்டு கறி. ஒரு டி-டெஸ்ட். ப்ளஸ் டூ பய செஞ்சிருவான். எம்.எஸ்ஸி.க்கு ஒரு காரணி பத்தாது. ரெண்டாவது ஒண்ணு கொண்டு வா. ரெண்டையும் சேத்து அளக்கிற டூ-வே அனோவா போடு."

இரண்டாவது காரணியோடு கூடவே ஒரு கூட்டாளியும் வேண்டியிருந்தது. துறையில் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஜோடி சேர்ப்பார்கள். இந்த மாவட்டத்தில் பெற்றோர் எல்லாரும் 'ஜ'வில் பெயர் வைப்பது என்று எப்போதோ ரகசியமாகக் கூடி முடிவு செய்திருந்ததால், பதிவேட்டில் ஜஸ்டஸ் தொடங்கி மூச்சு விடாமல் ஜ. ஜெஃப்ரினுக்கு அடுத்த பெயர் ஜெப்சி. கோட்டாற்றுக்காரி. அப்பாவுக்கு அங்கே பாத்திரக் கடை. அத்தை தேவகனி இரணியலில் இருந்தாள். இரணியல் சி.எஸ்.ஐ. சபையில் அசனம் என்னும் பொதுவிருந்து நடந்தால் மாங்காய் போட்ட மீன் கறி அவள் கைதான்.

"அப்ப முடிஞ்சிது," என்றாள் ஜெப்சி. "ரெண்டு கறி, ரெண்டு ஊரு. ஒனக்க மாமிக்க குடம்புளி, எனக்க அத்தைக்க மாங்காய். இனயத்துல இருபது பேரு, இரணியல்ல இருபது பேரு. ஆளுக்கு ஒரு கறிதான். கட்டத்துக்குப் பத்துபேரு."

"அது எனக்கும் தெரியும்."

"என்ன தெரியும்? சொல்லு பாப்போம்."

"எந்தக் கறி நல்லதுன்னு ஒரு கேள்வி. எந்த ஊருக்காரன் அதிகமா மார்க் போடுகான்னு ஒரு கேள்வி."

"மூணாவது?"

"மூணாவது யாரு கேட்டா?"

"யாரும் கேக்காட்டாலும் அது பதில் சொல்லும் மக்கா. எந்தக் கறி பிடிக்குங்கது ஊருக்கு ஊரு மாறுதான்னு. அதுக்குத்தான் இன்டராக்‌ஷன்னு பேரு. கிளாசுல ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டிருந்தா எப்பிடித் தெரியும்?"

சோதனை நடந்தது. ஒரே படகில் வந்த அயிலை மீனை இரண்டாகப் பிரித்து, இரு பெண்களும் வைத்தார்கள். எது யாருடைய கறி என்று தெரியக்கூடாது என்பதால் விளம்பும் முன்பு குடம்புளித் துண்டையும் மாங்காய்த் துண்டையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். பொறுக்கும் வேலையை ஜெஃப்ரின் விரும்பி ஏற்றான். பொறுக்கியது எங்கே போனது என்பது ஆய்வேட்டில் இல்லை. பிறகு ஒவ்வொரு கறியிலும் பாதி பேருந்தில் ஊர் மாறியது. வேகவைத்த மரச்சீனிக் கிழங்கோடு கறியைக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டு, சொன்ன பதிலுக்கு ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் குறித்தார்கள். இனயத்தில் ஜெஃப்ரின் குறித்தான், இரணியலில் ஜெப்சி.

துறையின் கணினி அறைக்குள் செருப்போடு நுழையக்கூடாது. உள்ளே இருந்த ஒன்பது கணினிகளில் ஒன்றில்தான் எக்ஸெல்லின் 'டேட்டா அனாலிசிஸ்' திறக்கும். அதனால் அதற்கு மட்டும் பூப்போட்ட துணி உறை. ஜெஃப்ரின் இரண்டு நெடுவரிசையில் இரண்டு கறி, மேலே பத்து வரி இனயம், கீழே பத்து வரி இரணியல் என்று எண்களை அடித்தான். 'அனோவா: டூ-ஃபேக்டர் வித் ரெப்ளிகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தான். ஓர் ஊருக்கு எத்தனை வரி என்று கேட்டது; பத்து என்றான். பொத்தானை அழுத்தினான்.

புதிய தாள் ஒன்று திறந்தது. ராஜையன் சார் குனிந்து, தற்செயலுக்கான வாய்ப்பைக் காட்டும் எண்ணைப் பார்த்தார்.

"எட்டு பூஜ்யம்டே!" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "புள்ளிக்குப் பொறவு எட்டு பூஜ்யம்! இருபத்தோரு வருச சர்வீசுல இத்தன பூஜ்யம் கண்டதில்ல."

இனயத்தின் சராசரி 4.8. இரணியலின் சராசரி 3.1. கறிக்குக் கறி வித்தியாசம் இல்லை. ஊருக்கு ஊர் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சார் அதன் பொருளை உடனே கண்டுபிடித்தார்: கடற்கரை மக்கள் எதைக் கொடுத்தாலும் ரசித்துச் சாப்பிடுகிறார்கள், உள்நாட்டு மக்களுக்கு ருசி உணர்வு குன்றிவிட்டது. உப்புக்காற்று ஒரு காரணமாக இருக்கலாம். கருத்தரங்கில் வாசிக்கலாம். தன் சொந்த ஊர் உள்நாடு என்பதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை, 0.05க்காக ஊரையே கொடுக்கத் துணிந்தார்.

ஜெஃப்ரினுக்கோ வேறு கவலை. இதை வைத்துக்கொண்டு பேரவையில் என்ன சொல்வது? கறி வைப்பவள் குளோரியா, வேறு ஆளா என்று ஊர் கேட்டிருந்தது. கம்ப்யூட்டரோ, இரணியல்காரனுக்கு நாக்கு இல்லை என்று பதில் சொல்லியிருந்தது.

துறையின் குழுப் புகைப்பட நாள் வந்தது. ஜெஃப்ரின் கோட்டாற்றில் எடுத்த புதுச் சட்டையில் வந்திருந்தான். கிளிப்பச்சை. கணினி அறையில் ஜெப்சி அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவன் கதவருகில் ஒரு நிமிடம் தேவைக்கு மேலேயே நின்றான்.

"எப்பிடிட்டி இருக்கு?"

ஜெப்சி மேலிருந்து கீழே பார்த்தாள். "கொள்ளாம்."

ஜெஃப்ரினின் முகம் சட்டையைவிடப் பிரகாசமானது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "தேங்க்ஸ்."

"எதுக்கு தேங்க்ஸ்?"

"கொள்ளாம்ன்னு சொன்னியே."

"ஆமா. துணி கிழியாம இருக்கு, பட்டன் இருக்கு. அதுக்குமேல இந்த சட்டைக்கு என்னத்த சொல்ல?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. யு.பி.எஸ். கீச்கீச் என்று கத்தத் தொடங்கியது.

"ஜெப்சி," என்றான் ஜெஃப்ரின் மெல்ல. "இரணியல்ல கொள்ளாம்ன்னு சொன்னவங்களுக்கு நீ எத்தன மார்க் போட்ட?"

"மூணு. நீ?"

"அஞ்சு."

ஜெப்சி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"அஞ்சா? ஏலே, ஒனக்கு மூளையில்லியா? கொள்ளாம்ன்னா அஞ்சா?"

"பின்ன? எங்க மாமா இருபது வருசத்துல மாமிக்க கறிய மூணு தடவதான் கொள்ளாம்ன்னு சொல்லியிருக்காரு. மூணு தடவையும் மாமி அழுதுட்டா. அதுக்குமேல ஒரு வார்த்த எங்க ஊர்ல கெடயாது!"

"எங்க அக்காள பொண்ணு பாக்க வந்தவங்க காப்பியக் குடிச்சிட்டு, 'பிள்ள கொள்ளாம்'ன்னுட்டு போனாங்க. பொறவு ஃபோன் போட்டா எடுக்கவே இல்ல. கொள்ளாம்ன்னா மூணு. மூணே அதிகம்."

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் முழு ஆயுளையும் ஓட்டிவிடலாம். பிள்ளை பிறந்தால் பார்க்க வருகிறவர் கொள்ளாம் என்பார். வீடு கட்டினால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கொள்ளாம் என்பார். சவப்பெட்டியில் கிடப்பவரைப் பார்த்தும், ஒரு சிலர், "கொள்ளாம், நல்ல களையா கெடக்காரு" என்பதுண்டு. இத்தனைக்கும் அது போற்றுதலா, பொறுத்துக்கொள்ளுதலா என்பது சொல்லில் இல்லை. எந்த எழுத்தை எவ்வளவு இழுத்தார் என்பதிலும், சொன்னபோது புருவம் எங்கே நின்றது என்பதிலும் இருக்கிறது. புருவத்துக்கு எக்ஸெல்லில் கட்டம் கிடையாது.

மின்சாரம் வந்ததும் கைக்குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். நாற்பது பேரில் முப்பத்தாறு பேர் கொள்ளாம் என்றே சொல்லியிருந்தார்கள். மொத்த மாவட்டமும் ஒரே பதிலைச் சொல்லியிருக்க, சாருடைய எட்டு பூஜ்யத்தையும் உண்டாக்கியது இனயமும் இல்லை, இரணியலும் இல்லை, ஜெஃப்ரினும் ஜெப்சியும்தான்.

"போதாக்கொறைக்கு," என்றான் ஜெஃப்ரின், "எங்க ஊர்ல கேக்கும்போ மாமி பக்கத்துலயே அகப்பையோட நின்னா. எல்லாரும் அகப்பையப் பாத்துத்தான் கொள்ளாம்ன்னு சொன்னாங்க."

ராஜையன் சாரிடம் சொன்னபோது அவர் எட்டு பூஜ்யத்துக்கும் தனித்தனியாகத் துக்கம் அனுசரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்ப இனி என்ன செய்யப் போறிய?" என்றார்.

"இன்னொரு தடவ செய்யுகோம் சார்," என்றாள் ஜெப்சி. "இந்தத் தடவ எவன்கிட்டயும் வாயத் தொறந்து கேக்க மாட்டோம். கிழங்கு வேண்டிய மட்டும். கறி வேண்டிய மட்டும். எத்தன அகப்பை வாங்குகான்னு மட்டும் எண்ணுவோம்."

மறுபடியும் அயிலை, மறுபடியும் பேருந்து. இந்த முறை கறி வைத்து இறக்கியதும் மாமியைக் குறும்பனையில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கைக்குத் தலைசுற்றல் என்று ஜெஃப்ரின் சொன்னான், தங்கையிடமும் அப்படியே சொல்லிவைத்தான். புது ஆட்களாக ஊருக்கு இருபது பேர். நடத்துநர் சட்டிக்குத் தனி டிக்கெட் கேட்டார். ஜெப்சி அவருக்கு ஒரு துண்டு மீன் கொடுத்தாள். ஆய்வில் சேராத அந்த நாற்பத்தோராவது ஆளும் இன்னொரு துண்டு கேட்டார். என்ன கறி என்று குறித்துவைக்கவில்லை.

இனயத்தில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் பழக்கதோஷத்தில் கொள்ளாம் சொல்ல வாயெடுத்தார்கள். ஜெஃப்ரின் கைகாட்டி நிறுத்தினான்.

"பேசாண்டாம். தின்னுங்க."

"கொள்ளாம்ன்னு கூட சொல்லப்பிடாதா?"

"அது மட்டும் சொல்லவே பிடாது."

எண்கள் வந்தன. எக்ஸெல் மறுபடி தாளைத் திறந்தது. கறிக்கான வரியைத்தான் ஜெஃப்ரின் முதலில் தேடினான். குடம்புளி, சராசரி 2.9 அகப்பை. மாங்காய், சராசரி 2.9 அகப்பை. இரண்டுக்கும் நடுவே இம்மியளவு வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தற்செயல் என்பதற்கான வாய்ப்பு என்று கணினி காட்டிய எண் 1. நூற்றுக்கு நூறு. ராஜையன் சார் அப்போது அறையில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"சமம்!" ஜெஃப்ரின் நாற்காலியிலிருந்து குதித்தான். "மாமி தப்பிச்சா! ஒரு வித்தியாசமும் இல்லன்னா பிறகு எதுக்கு ஆள மாத்தணும்? ததேயுஸ் அண்ணனுக்க வாய அடைச்சாச்சி!"

"ஏலே, நில்லு. கீழ ஒரு வரி இருக்கு பாரு."

மூன்றாவது வரி. யாரும் கேட்காத கேள்வி. அதற்கு நேரே 2.0E-06 என்று இருந்தது.

"ரெண்டா?"

"ரெண்டு இல்ல பொட்டா. புள்ளிய ஆறு எடம் இடது பக்கம் தள்ளு. புள்ளிக்குப் பொறவு அஞ்சு பூஜ்யம், அதுக்குப் பொறவு ரெண்டு."

ஜெப்சி படம் வரைந்தாள். இரண்டு ஊர், இரண்டு கோடு. ஒன்று இடமிருந்து வலமாக ஏறியது, மற்றது இறங்கியது. நடுவில் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, சாய்ந்த சிலுவை மாதிரி நின்றன. இரணியலில் குடம்புளி 3.7 அகப்பை, மாங்காய் 2.2. இனயத்தில் மாங்காய் 3.6, குடம்புளி 2.1.

எந்த ஊருக்கும் சொந்தக் கறி பிடிக்கவில்லை.

ஜெஃப்ரின் மெதுவாக உட்கார்ந்தான். மாமியின் ஊர் மாமியின் கறியை இரண்டு அகப்பையோடு நிறுத்திவிட்டு, யாரோ ஒரு இரணியல்காரியின் கறியை வழித்துச் சாப்பிட்டிருந்தது.

"நாம மேல உள்ள வரிய மட்டும் சொன்னா என்ன?" என்றான். "2.9, 2.9. அது பொய் இல்லியே. கம்ப்யூட்டர்தான சொல்லியிருக்கு."

"2.9 அகப்பை தின்ன ஊரு எது, காட்டு பாப்போம். இனயத்துல இல்ல. இரணியல்லயும் இல்ல. கோடு ரெண்டும் இப்பிடி வெட்டிக்கிட்டு நிக்கும்போ சராசரியப் பத்தி வாயத் தொறக்கப்பிடாது மக்கா. அது பொய்தான். நல்ல சட்ட போட்ட பொய்."

"கிளிப்பச்சையா?"

"அதைவிடக் கொஞ்சம் கொள்ளாம்."

பேரவைக் கூட்டத்துக்கு அவளும் வந்தாள். பயத்தில் அவன் கூப்பிட்டான். அவன் மேல்வரியோடு நிறுத்திவிடுவானோ என்ற சந்தேகத்தில் அவள் வந்தாள். மாமி முன்வரிசையில், பூசைக்குக் கட்டும் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். கையில் அகப்பை மட்டும் இல்லை.

ததேயுஸ் அச்செடுத்த தாளை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, கூட்டத்துக்குப் படித்துக் காட்டத் தொடங்கினார். எண்களைத் தாண்டித் தாண்டிப் போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"இதென்ன, ரெண்டு, E, ஆறு? பஸ் போர்டுல Enayam-ன்னுதான போட்டிருக்கு, அப்ப E-ன்னா இனயம்தான? இனயம் ஆறாம் அன்பியத்துல ரெண்டு பேருன்னு போட்டிருக்கு."

வீடுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து அன்பியம் என்று பெயர் வைத்திருந்தது பங்கு. ஆறாம் அன்பியத்துக்காரர்கள் உடனே எழுந்தார்கள். "எந்த ரெண்டு பேரு? எங்கள மட்டும் எதுக்குக் கம்ப்யூட்டர்ல ஏத்தினிய?"

"இரணியலுக்கும் E-தாம்லே!" என்றது பின்வரிசை.

"அப்ப இரணியல்ல ஆறாவது வீடு."

ஜெஃப்ரின் எழுந்து தாளை வாங்கினான். E என்பது ஊர் இல்லை, பூஜ்யங்களைச் சுருக்கி எழுதும் வழி என்று விளக்கினான். யாரும் நம்பவில்லை. பூஜ்யத்தை எதற்குச் சுருக்க வேண்டும், அது ஏற்கெனவே ஒன்றுமில்லாததுதானே என்றார் ஆறாம் அன்பியத்துக்காரர் ஒருவர். அது பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி.

"அதெல்லாம் விடு," என்றார் ததேயுஸ். "நம்ம ஊரு எதத் தின்னுச்சி? அதச் சொல்லு."

ஜெஃப்ரின் தாளின் மேல்வரியைப் பார்த்தான். ஜெப்சி அவனைப் பார்த்தாள். அவன் மாமியைப் பார்க்காமல் சொன்னான்.

"மாங்காய், மூணு புள்ளி ஆறு. குடம்புளி, ரெண்டு புள்ளி ஒண்ணு."

மாங்காய்க் கறி தின்ற பத்துபேரும் ஒரே நேரத்தில் மேலே சுற்றும் மின்விசிறியில் ஏதோ கோளாறு கண்டார்கள். ததேயுஸ் வெற்றிப் புன்னகையை மீசைக்குள் வைத்துக்கொண்டார். மாமி சேலைத் தலைப்பை விரலில் சுற்றத் தொடங்கினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஜெஃப்ரினுக்கு, எம்.எஸ்ஸி.க்குப் பதில் கடலுக்குப் போயிருக்கலாம் என்று தோன்றியது.

"ஏட்டி பிள்ள," என்றாள் மாமி, ஜெப்சியிடம். குரல் தணிந்திருந்தது. "ஒங்க பக்கத்துல எனக்க கறி எத்தன?"

"மூணு புள்ளி ஏழு மாமி."

விரல் நின்றது. "எத்தன?"

"மூணு புள்ளி ஏழு. எங்க அத்தைக்க கறி அங்க ரெண்டு புள்ளி ரெண்டுதான். சபை கணக்கப்பிள்ள ஒருத்தர் ஒங்க கறிய மட்டும் ஆறு அகப்பை தின்னாரு. பொறவு அவரால எழும்ப முடியல்ல. ரெண்டுபேரு பிடிச்சி தூக்கினோம்."

"ஆறா?"

"சட்டி காலி ஆயிட்டு. இல்லன்னா ஏழு."

மாமி எழுந்தாள். எழுந்தபோது அந்தப் பழைய குரலும் கூடவே எழுந்தது. வெளியே வலை காய்ந்துகொண்டிருந்த மணலில் இரண்டு நாய்கள் தலை தூக்கின.

"அப்ப எனக்க கறியத் தின்னத் தெரிஞ்சவன் எல்லாம் அங்கன இரணியல்ல கெடக்கான்! நான் இங்கன ஏழு வருசமா, ஆளு தெரியாம வெளம்பிட்டு நின்னிருக்கேன்! ஓய் ததேயுசு, ஒமக்கு மாங்காதான வேணும்? அந்தத் தேவகனிய இங்க வரச் சொல்லும். அவளும் பாவம், அங்க ஆளு தெரியாமத்தான் நின்னிருப்பா. இங்க அவ வைக்கட்டு. அங்க நான் வைக்கேன்."

"அது சி.எஸ்.ஐ. சபையாச்சே குளோரி. நம்ம திருவிழாவுக்கு அவங்க, அவங்க அசனத்துக்கு நாம..."

"ஏன், மீனுக்கு ஞானஸ்நானம் குடுத்திட்டா ஓய் கறி வைக்கியோம்?"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பங்குச் சாமியார் சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையை எடுத்தார். கைக்குட்டையை அனுமதி என்று எடுத்துக்கொண்டது பேரவை. தீர்மானம் நிறைவேறியது. ஆறாம் அன்பியம் மட்டும் தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னது. எதற்கு எதிர்ப்பு என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

தேவகனி இனயத்துக்கு வந்தாள். ஒல்லியான, மெல்லப் பேசும் பெண். அவள் மாங்காய் போடச் சொன்னால் பக்கத்து அடுப்புக்கே கேட்காது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த மாமி, கடைசியில் அவள் பின்னால் போய் நின்று, அவள் முணுமுணுத்ததை எல்லாம் ஊருக்கு மொழிபெயர்த்தாள். அன்று கறி மிஞ்சவில்லை. பாத்திரம் கழுவ வந்தவர்களுக்கு வேலையும் மிஞ்சவில்லை.

அடுத்த வாரம் இரணியலில் அசனம். காலையிலேயே புகையில் குடம்புளி மணம் சாலைவரை வந்துவிட்டது. ராஜையன் சார்கூட வந்திருந்தார். ஐந்து பூஜ்யத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார். சபை கணக்கப்பிள்ளை வரிசையில் முதலாவதாக, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகத்தோடு நின்றார். மாமி அவரைப் பார்த்ததும் "வாரும் அண்ணே" என்று சொல்லி, எண்ணாமல் ஊற்றினாள். இனயத்தில் ஏழு வருடமாக யாரும் பார்க்காத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. ஜெப்சி கிழங்கு விளம்பிக்கொண்டிருந்தாள். ஜெஃப்ரினின் தட்டில் இரண்டு துண்டு கூடுதலாக விழுந்தது.

அவன் மாமியின் முன்னால் வந்து தட்டை நீட்டினான். அகப்பை வரவில்லை.

"நீ எந்த ஊரு?"

"மாமி, நான் ஜெஃப்ரின்."

"பேரு கேக்கல்ல. ஊரு."

"இனயம்."

"இனயத்துக்கு ரெண்டு புள்ளி ஒண்ணு."

ஒரு அகப்பை ஊற்றினாள். இன்னொரு அகப்பை ஊற்றினாள். மூன்றாவதாக அகப்பையின் நுனியைச் சட்டிக்குள் விட்டு, துழாவி, எதையோ தேடி எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"இது புள்ளி ஒண்ணு. போ. அடுத்த ஆளு!"

ஜெஃப்ரின் ஒதுங்கி நின்று தட்டைப் பார்த்தான். அந்தப் புள்ளி ஒன்றில், முள்ளோடும் கண்ணோடும், ஒரு முழு அயிலைத் தலை இருந்தது.